இனிப்பு மாத்திரையும் இன்சுலினும்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் நடக்கும் எங்கள் குழுவில் பதினோரு பேர். எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள். அதில் ஏழு பேருக்குச் சர்க்கரை நோய். நடந்து முடித்துப் படிக்கட்டில் உட்கார்ந்ததும் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் "சாப்பாட்டுக்கு முன்னால எவ்வளவு, பின்னால எவ்வளவு" என்பதில் வந்து நிற்கும். முன்பெல்லாம் பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண்ணைச் சொல்லிப் பெருமைப்பட்டோம். இப்போது எங்கள் மதிப்பெண்ணைச் சொல்லிக் கவலைப்படுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. காபியில் போடும் இனிப்பு மாத்திரை நாக்கை ஏமாற்றுகிறதாம். நாக்கு மூளையை ஏமாற்றுகிறதாம். மூளை சொன்னதைக் கேட்டுக் கணையம் இன்சுலினைக் கொட்டுகிறதாம். அப்படிக் கொட்டிக் கொட்டியே கணையம் ஓய்ந்துவிடுமாம். ஆகவே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு கருப்பட்டிக்கு மாறுங்கள் என்று முடிந்திருந்தது. வங்கியில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் அன்றே கருப்பட்டிக் காபிக்கு மாறினார். நாளைக்கு மூன்று வேளை. அடுத்த பரிசோதனையில் அவருடைய மூன்று மாதச் சராசரி 7.2-இல் இருந்து 8.3 ஆகியிருந்தது. மருத்துவர் இன்னொரு மாத்திரையைச் சேர்த்துவிட்டார்.

அந்தச் செய்தி முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். அதில் கொஞ்சம் உண்மையும் கலந்திருக்கிறது. எது உண்மை, எது மிகை என்று பிரித்துச் சொல்லும்படி நண்பர்கள் என்னைக் கேட்டார்கள். முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் என்பதால் இந்த மாதிரி வேலை என் தலையில்தான் விழும். நான் மருத்துவன் அல்ல. படித்ததையும், ஒன்பது வருடமாகச் சர்க்கரையோடு குடும்பம் நடத்திப் பார்த்ததையும் எழுதுகிறேன்.

முதலில் இந்த இனிப்புகள் எப்படி வந்தன என்று ஒரு வார்த்தை. ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது நான் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் விதி. இனிப்பு மாத்திரைகளின் வரலாறோ அந்த விதியை மீறியவர்களின் வரலாறு. 1879-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபால்பெர்க் என்பவர் தார் எண்ணெயிலிருந்து கிடைக்கும் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். இரவு சாப்பிட உட்கார்ந்தபோது ரொட்டி இனித்தது. கையில் ஒட்டியிருந்த பொருள்தான் காரணம். அதுதான் சாக்கரின். எங்கள் சிறுவயதில் சைக்கிளில் வரும் ஐஸ்காரரிடம் வாங்கித் தின்ற குச்சி ஐஸின் கடைசியில் நாக்கில் ஒரு கசப்பு நிற்குமே, அது இதுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1965-இல் ஷ்லாட்டர் என்பவர் வயிற்றுப்புண் மருந்துக்காக ஆராய்ந்துகொண்டிருக்கையில், காகிதத்தை எடுக்க விரலை நாக்கில் தொட்டார். அஸ்பார்டேம் பிறந்தது. 1976-இல் லண்டனில் சசிகாந்த் பட்னிஸ் என்ற நம் நாட்டு ஆராய்ச்சியாளரிடம் ஒரு பொருளை 'டெஸ்ட்' பண்ணச் சொன்னார்கள். அவர் காதில் 'டேஸ்ட்' என்று விழுந்தது. சுவைத்தார். சீனியைப்போல ஏறக்குறைய 600 மடங்கு இனிக்கும் சுக்ரலோஸ் அப்படித்தான் கிடைத்தது. இன்று நம் வீடுகளில் காபியில் போடும் மாத்திரைகள் பலவற்றில் இருப்பது இதுதான்.

600 மடங்கு இனிப்பதால் ஒரு தம்ளர் காபிக்குச் சில மில்லிகிராம் போதும். அதிலும் பெரும்பகுதி செரிக்கப்படாமல் அப்படியே வெளியேறிவிடுகிறது. ஆகவே அது குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் சேர்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. கேள்வி இன்சுலினைப் பற்றியது.

இன்சுலின் எப்போது சுரக்கிறது? ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது கணையத்தின் பீட்டா செல்கள் அதைச் சுரக்கின்றன. பெரும்பங்கு இந்த வழியில்தான். ஆனால் இது ஒன்று மட்டுமே வழி அல்ல. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவின் நாய்களைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்கள். சாப்பாடு வரப்போகிறது என்று தெரிந்தாலே எச்சில் ஊறும். வயிற்றில் அமிலமும் சுரக்கும். அதேபோல உணவு வாயில் பட்டவுடன், ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதற்கு முன்பே, கணையமும் கொஞ்சம் இன்சுலினை அனுப்பிவைக்கிறது. பந்திக்கு ஆள் வருமுன் இலை போட்டு வைப்பது மாதிரி. அது சிறிய அளவு. சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

சீனி இல்லாத இனிப்பு நாக்கில் பட்டாலும் இப்படி நடக்குமா என்று பலர் சோதித்திருக்கிறார்கள். சில சோதனைகளில் சிலருக்குச் சிறிய ஏற்றம் தெரிந்தது. வேறு பல சோதனைகளில் ஒன்றும் தெரியவில்லை. வாட்ஸ்அப் செய்தியில் இருந்த உண்மை இவ்வளவுதான். 'கொட்டுகிறது' என்று சொல்லும் அளவுக்கு அங்கே எதுவும் நடக்கவில்லை.

நாக்கைத் தாண்டினால் குடல். நாக்கில் இனிப்பை அறியும் அதே வகை உணர்விகள் குடலிலும் இருக்கின்றன என்று இந்த நூற்றாண்டில் கண்டுபிடித்தார்கள். குளுக்கோஸ் குடலில் பட்டதும் சில ஹார்மோன்கள் கிளம்பிக் கணையத்துக்கு முன்தகவல் சொல்கின்றன. ஊசியில் ஏற்றும் குளுக்கோஸைவிட வாய்வழி போகும் குளுக்கோஸுக்கு இன்சுலின் அதிகம் சுரப்பது இதனால்தான். சுக்ரலோஸும் இந்த வேலையைச் செய்யுமோ என்ற சந்தேகம் வந்தது. ஆய்வகத்தில் தட்டில் வளர்த்த செல்களில் செய்தது. ஆனால் 2009-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆரோக்கியமான மனிதர்களின் வயிற்றுக்குள் நேரடியாகச் சுக்ரலோஸைச் செலுத்திப் பார்த்தபோது அந்த ஹார்மோனும் ஏறவில்லை, இன்சுலினும் ஏறவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு சும்மா இருக்க முடியுமா? ஆசிரியர் புத்தி. வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் கருவி இருக்கிறது. நான்கு நாள்கள், நான்கும் வெறும் வயிற்றில், ஒரே நேரத்தில் சோதித்தேன். முதல் நாள் வெறும் தண்ணீர்: முன்பு 121, ஒரு மணி நேரம் கழித்து 119. இரண்டாம் நாள் அதே தண்ணீரில் இரண்டு மாத்திரை: 118, பிறகு 120. மூன்றாம் நாள் பால் காபியில் மாத்திரை: 120, பிறகு 139. நான்காம் நாள் பால் காபியில் கருப்பட்டி: 122, பிறகு 174. "ஒரு காபிக்கு இத்தனை குத்தா?" என்று வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்தக் கருவிகளில் 15 சதவீதம் வரை வித்தியாசம் வரலாம். ஆகவே முதல் இரண்டு நாளும் ஒன்றுதான். மூன்றாம் நாள் ஏறியதற்கு மாத்திரை காரணம் இல்லை. பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை கொஞ்சம் காரணம். நான்காம் நாளுக்கு விளக்கமே வேண்டாம். இது ஒருவனுடைய நான்கு நாள் கணக்கு, அவ்வளவுதான். இதில் இன்னொரு குறையும் உண்டு. நம் கருவி குளுக்கோஸைத்தான் அளக்கும். இன்சுலினை அளக்காது. சர்க்கரை ஏறவில்லை என்பதால் இன்சுலின் பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்லிவிட முடியாது. அதற்கு ஆய்வுகளைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது. மாத்திரையைத் தனியாகச் சாப்பிடுவது வேறு, மாவுச்சத்தோடு சேர்த்துச் சாப்பிடுவது வேறு என்று தெரியவந்திருக்கிறது. 2013-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், உடல் பருமன் உள்ள, இந்த இனிப்புகளை வழக்கமாகப் பயன்படுத்தாத 17 பேருக்குக் குளுக்கோஸ் கரைசல் கொடுத்தார்கள். ஒரு நாள் அதற்கு முன் தண்ணீர், இன்னொரு நாள் சுக்ரலோஸ் கலந்த தண்ணீர். சுக்ரலோஸ் குடித்த நாளில் இன்சுலின் சுமார் 20 சதவீதம் அதிகம் சுரந்தது. 2020-இல் யேல் பல்கலைக்கழகத்தார் 45 பேரை வைத்துப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் ஏழு முறை ஒரு பானம். சுக்ரலோஸ் மட்டும் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுக்ரலோஸோடு மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்தையும் சேர்த்துக் குடித்தவர்களுக்கு இன்சுலினுக்கு உடல் பணியும் தன்மை குறைந்தது.

அப்புறம் குடலில் வாழும் நுண்ணுயிர்கள். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 2014-இல் ஏழு பேருக்கு ஒரு வாரம் சாக்கரினை உச்ச அளவில் கொடுத்தபோது நான்கு பேருக்குச் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைந்தது. மற்ற மூவருக்கு மாற்றமில்லை. 2022-இல் 120 பேரை வைத்துச் செய்ததில் சாக்கரினும் சுக்ரலோஸும் சிலரிடம் அதே வேலையைக் காட்டின. அஸ்பார்டேமும் சீனித்துளசியும் அப்படிக் காட்டவில்லை. ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருந்தது. இதற்கு எதிராக, அமெரிக்காவில் 2021-இல் வெளியான ஒரு சோதனையில் ஆரோக்கியமானவர்களுக்கு இரண்டு வாரம் சாக்கரின் கொடுத்தும் எந்த மாற்றமும் தெரியவில்லை. இப்படி இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது. ஆள்கள் குறைவு, நாள்களும் குறைவு. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு கூச்சல் போடுவது சரியல்ல.

நம் ஊர்க்காரர்களை வைத்து, நம் காபி, டீயை வைத்து ஒரு சோதனை நடந்திருக்கிறது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் செய்தது, 2024-இல் வெளிவந்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள 179 பேர். ஒரு பகுதியினர் காபி, டீயில் சீனியைத் தொடர்ந்தார்கள். மற்றவர்கள் சுக்ரலோஸுக்கு மாறினார்கள். 12 வாரம். முடிவில் மூன்று மாதச் சராசரியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. எடையும் இடுப்புச் சுற்றளவும் சிறிது குறைந்தன.

இதைப் படித்தபோது முதலில் ஏமாற்றமாக இருந்தது. சீனியை நிறுத்தியும் சராசரி இறங்கவில்லையா? பிறகு கணக்குப் போட்டேன். ஒரு ஸ்பூன் சீனி 5 கிராம். ஒரு கப் சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து. காபியில் இரண்டு ஸ்பூனை மிச்சம் பிடித்துவிட்டு மத்தியானம் மூன்று கப் சோற்றை வைத்துக்கொண்டால் கணையத்துக்கு என்ன நிம்மதி கிடைக்கும்? "நான்தான் காபியில சீனியே போடலையே" என்று சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு முறுக்கை எடுப்பவர்களை மைதானத்திலேயே காட்ட முடியும். எங்கள் ஊர் அல்வாவிலும் 'சீனி சேர்க்காதது' என்று வரத் தொடங்கியிருக்கிறது. அல்வாவின் அடிப்படையே கோதுமைப்பால். அது முழுக்க மாவுச்சத்து. சீனியை எடுத்தாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை பற்றியும் சொல்லிவிடுகிறேன். மணம் வேறு, ருசி வேறு, கொஞ்சம் தாது உப்புகள் உண்டு. ஆனால் இரண்டிலும் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சீனியில் இருக்கும் அதே பொருள். தேனில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். கணையத்துக்கு நிறமும் தெரியாது, ஊர்ப்பாசமும் கிடையாது.

இனி நான் சொல்லப்போவதற்கும் மைதானத்துப் பேச்சுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா கோவில்பட்டியில் இருக்கிறாள். அத்தானுக்கு 76 வயது. காலையும் இரவும் இன்சுலின் ஊசி. போன வருடம் ஐப்பசியில் ஒரு நாள் அதிகாலை நாலே கால் மணிக்கு அக்காவிடமிருந்து போன். அந்த நேரத்தில் போன் அடித்தால் நமக்கெல்லாம் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"தம்பி, அத்தானுக்கு ஒரேயடியா வேர்க்குது. கை நடுங்குது. பேச்சு ஒரு மாதிரி இருக்கு. குத்திப் பார்த்தேன், 52 காட்டுது. இனிப்பா குடுக்கணும்னு காபி போட்டுக் குடுத்தேன். கால் மணி நேரம் ஆச்சு, இப்ப 55தான்."

"காபியில என்னக்கா போட்டே?"

"மாத்திரைதான். மூணு போட்டேன்."

"அது பத்தாதுக்கா. சீனி போட்டுத் தண்ணியில கலக்கிக் குடு."

"சீனி ஏது தம்பி நம்ம வீட்ல? ரெண்டு வருஷமா வாங்குறதே இல்லையே."

முந்தின இரவு வயிறு சரியில்லை என்று அத்தான் அரை இட்லியோடு எழுந்துவிட்டார். ஊசி மட்டும் வழக்கமான அளவு போட்டிருக்கிறார். உள்ளே போன இன்சுலின் இருந்த சர்க்கரையையும் இழுத்துக்கொண்டது. காபி நாக்குக்கு நன்றாகவே இனித்திருக்கும். உடம்புக்கு வேண்டியது குளுக்கோஸ். அது மாத்திரையில் ஒரு துளியும் இல்லை. பாலில் இருந்த கொஞ்சமும் மெதுவாகத்தான் சேரும்.

எதிர் வீட்டுக் கதவைத் தட்டச் சொன்னேன். போனை வைக்கவில்லை. அந்த வீட்டுப் பெண் சீனி டப்பாவையே தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அத்தானுக்கு நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது. மூன்று ஸ்பூன் சீனி, அரைத் தம்ளர் தண்ணீர். கால் மணி நேரத்தில் 79. அப்புறம் இரண்டு பிஸ்கட். அரை மணி நேரத்தில் 108. ஐந்தரை மணிக்கு அத்தானே போனில் வந்தார். "என்ன மாப்ளே, விடியக்காலையில உன்னையும் எழுப்பிவிட்டாளா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லச் சற்று நேரம் ஆனது.

அக்காவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் சீனியே வேண்டாம் என்று இரண்டு வருடம் கட்டுப்பாடாக இருந்தவள். 'சர்க்கரை இறங்கினால் இனிப்பு கொடு' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எந்த இனிப்பு என்று யாரும் சொல்வதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் ஒரு பரிந்துரை வெளியிட்டது. உடல் எடையைக் குறைப்பதற்கென்று இந்தச் சீனியில்லா இனிப்புகளை நம்ப வேண்டாம் என்பது அதன் சாரம். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் அதிலேயே இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் அதைக் காட்டிப் பயப்படவும் வேண்டாம், அந்த விலக்கைக் காட்டிக் கொண்டாடவும் வேண்டாம்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். காலைக் காபிக்கு ஒரு மாத்திரை. முன்பு இரண்டு போட்டேன். ஒன்றரை ஆக்கி, ஒன்றாக்கி, இப்போது மாலைக் காபிக்கு ஒன்றும் போடுவதில்லை. முதல் பத்து நாள் கஷாயம் மாதிரி இருந்தது. பிறகு காபிப் பொடியின் ருசியே தனியாகத் தெரிய ஆரம்பித்தது. காபியோடு பலகாரம் எடுப்பதை நிறுத்திவிட்டேன். சோறு ஒன்றரைக் கப், காய் இரண்டு மடங்கு. சராசரி இப்போது 6.8. இதில் மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, சோற்றுக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால் சோற்றுக்குத்தான் பெரும்பங்கு என்பேன்.

இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை சாப்பிடுபவர்கள் வீட்டில் இருந்தால் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு சிறிய டப்பாவில் சீனியோ குளுக்கோஸ் பொடியோ போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். மூடியில் 'சர்க்கரை இறங்கினால் 3 ஸ்பூன்' என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும், 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அக்கா வீட்டு டப்பாவுக்குச் சிவப்பு மூடி. வேலைக்கு வரும் பெண்ணுக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.